எவருடைய உதவியும் இன்றி

அந்தப் பையச் சித்தெ அக்கட்டால தள்ளி வெச்சுக்கோ கண்ணு, நான் ஒடுங்கி உக்காந்துக்கறேன். உள்ள என்ன, லேப்டாப்பா? கோயமுத்தூருல கம்ப்யூட்டர் கம்பெனியிலயா வேலை? அப்பச் செரி. உங்கிட்டச் சொன்னா வெளங்கும். மத்தவங்ககிட்டச் சொன்னா தலைய ஆட்டுவாங்க, ஒண்ணும் உள்ள ஏறாது.

நீ லினக்ஸ் போட்டிருக்கறயா? உம்பட கையால, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும்? இல்லையா? ஆபீஸ்லயே போட்டுக் குடுத்துருவாங்களா? பாரு. நான் போட்டிருக்கேன். அம்பத்தாறு வயசுல, உடுமலைப்பேட்டையில, எம்பட ஊட்டுல உக்காந்து. பதினோரு நாள் ஆச்சு. பதினோரு நாள்னா பொழுதன்னிக்கும் பதினோரு நாள். ஆனா போட்டுட்டேன்.

எனத்துக்கு இந்த வயசுல இந்த வேலைன்னு கேப்ப. எல்லாருந்தான் கேட்டாங்க. எம்பட மகனே கேட்டான். சொல்றேன் கேளு, உக்கடம் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் இருக்குதல்ல.

நான் ஒரு பள்ளிக்கூடத்துல ஆபீஸ் கிளார்க்கு. பேரு எதுக்கு, ஒரு தனியார் பள்ளிக்கூடம்னு வெச்சுக்கோ. இருபத்தாறு வருஷம். எந்த வருஷத்துப் புள்ளயோட சர்ட்டிபிகேட் எந்த பீரோவுல எந்தத் தட்டுல இருக்குதுன்னு கண்ணக் கட்டிட்டு எடுப்பேன். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. சுலோச்சனா மேடம் அடிச்ச லெட்டர்ல ஒரு பிழை காட்டுன்னு எங்க பழைய ஹெட்மாஸ்டரு வாத்தியாருங்ககிட்டப் பந்தயங் கட்டுவாரு.

போன மாசம் தாளாளர் கூப்புட்டாரு. உக்காருங்கம்மான்னு கூடச் சொல்லாம ஒரு கவரை நீட்டுனாரு. பிரிச்சுப் படிச்சா, "கணினி அறிவு போதாமையால் அலுவலகப் பணி பாதிக்கப்படுவதை முன்னிட்டுப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்"னு இருக்குது. அதுலயே ரெண்டு எழுத்துப் பிழை. பிழைய வட்டம் போட்டு அவரு டேபிள் மேலயே வெச்சுட்டுத்தான் வந்தேன். நகலை மட்டும் வாங்கிக்கிட்டேன்.

கணினி அறிவு போதாதாம். என்ன நடந்துச்சுன்னா, புதுசா ஒரு சாஃப்ட்வேர் கொண்டாந்தாங்க. அதுல தமிழ் வரோணும்னா இங்கிலீஷ் எழுத்துல அடிக்கோணும். அம்மாங்கறதுக்கு ஏ, எம், எம், ஏ. நான் தமிழ் ஹையர் முடிச்சவ, அம்மாவை இங்கிலீஷ்ல அடிக்கோணுமா? முடியாதுன்னு சொன்னேன். ரெஜிஸ்டர்ல பேனாவுல எழுதி வெச்சேன், முத்து முத்தா. ஒரே ஒரு புள்ளைக்கு டிசியில பொறந்த தேதி மாறிப் போச்சு. ரெஜிஸ்டர்ல செரியாத்தான் இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல நான் ஏத்தலை, வேற யாரோ தப்பா ஏத்திட்டாங்க, அவ்வளவுதான். காலேஜ்ல சேத்துக்க மாட்டேன்னுட்டாங்கன்னு அவங்கப்பன் வந்து ஆபீஸ் வாசல்ல நின்னு கத்துனான். திருத்திக் குடுத்தாச்சு. அந்தப் புள்ளயும் கேட்ட காலேஜ் கெடைக்காட்டியும் வேற ஒண்ணுல சேந்துருச்சு. அது வேற விஷயம். அதைப் புடிச்சுக்கிட்டு கணினி அறிவு போதாதுன்னா என்ன நாயம்?

கோயமுத்தூருல கல்வி அதிகாரி ஆபீஸ்ல மேல்முறையீடு பண்ண முப்பது நாள் டைம். அப்பவே முடிவு பண்ணிட்டேன். கம்ப்யூட்டர் தெரியாதுன்னு சொன்ன காயிதத்துக்கு, கம்ப்யூட்டர்லயேதான் பதில். எம்பட கம்ப்யூட்டர்ல, எம்பட கையால. டைப்பிங் சென்டர்ல குடுத்தா அரை மணி நேரத்துல அடிச்சுத் தருவாங்கதான். எவனோ அடிச்சதுல எம்பட அறிவு எப்பிடித் தெரியும்?

ஊட்டுல ஒரு கம்ப்யூட்டர் கெடந்துச்சு. மகன் தீபன் இன்ஜினியரிங் படிக்கறப்ப வாங்குனது. அவன் இப்ப பெங்களூருல இருக்கறான், அதைத் தொட்டே எட்டு வருஷம் ஆச்சு. அதுல இருந்த விண்டோஸு பழசாகிப் போயி எதைத் தொட்டாலும் சுத்திக்கிட்டே நின்னுச்சு. கடைக்காரங்ககிட்டக் கேட்டா, இந்தப் பெட்டி புது விண்டோஸ் தாங்காது, எடைக்குப் போடுங்கன்னாங்க. அப்பத்தான் ஞாயித்துக்கெழமைப் பேப்பர்ல படிச்சேன், லினக்ஸ்னு ஒண்ணு இருக்குது, பழைய பெட்டியிலயும் ஓடும், காசு இல்ல, கோயமுத்தூருல கூட்டம் போட்டுச் சொல்லித் தர்றாங்கன்னு. அடுத்த ஞாயித்துக்கெழமையே பஸ் ஏறிட்டேன்.

போனா அத்தனை பேரும் சின்னஞ்சிறுசுங்க. என்னையப் பாத்துட்டு ஒரு பொண்ணு, "யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க ஆன்ட்டி?"ங்குது. "என்னையத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்"னேன். அங்க ஜெரால்டுன்னு ஒரு தம்பி, நாகர்கோயில் பக்கம், நெம்பப் பொறுமை. ஒரு பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்துச்சு. எப்பிடிப் போடோணும்னு காட்டுச்சு. அவங்க டெலிகிராம் குழுவுலயும் என்னையச் சேத்துவிட்டுச்சு. "அக்கா, உங்க பெட்டியில மெமரி ரெண்டு ஜிபிதான் இருக்கு. ஓடும். இன்னொண்ணு போட்டா இன்னும் நல்லா ஓடும்"னு சொல்லுச்சு.

இன்னும் நல்லா ஓடும்னா போடாம இருப்பனா? வர்ற வழியில பழைய சாமான் விக்கற கடையில ஒரு மெமரி வாங்குனேன். அந்தக் கடைக்காரரு, "பழசுங்கம்மா, பத்து நிமிஷம் இருந்தீங்கன்னா டெஸ்ட் பண்ணிக் குடுத்தர்றேன்"னாரு. "எனக்குத் தெரியுங்க, நீங்க குடுங்க"ன்னு வாங்கிட்டு வந்துட்டேன். பஸ்சுக்கு நேரமாச்சல்ல.

திங்கக்கெழமை காலையில பெட்டியைக் கழட்டுனேன். எங்கூட்டுக்காரரு பக்கத்துல நின்னாரு. பேரு குழந்தைவேலு. பால் சொசைட்டியில முப்பது வருஷம் டெஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. பாலைத் தவிர வேற எதுவுந் தெரியாது, பாவம். நான் அந்த மெமரிய எடுத்து உள்ள அமுத்தறதைப் பாத்துட்டு, "என்ன இது, சீப்பாட்ட இருக்குது?"ன்னாரு. "சீப்பு இல்லீங்க, இதுதான் மூளை. நீங்க அக்கட்ட போங்க"ன்னேன்.

பென் டிரைவைச் சொருகி ஆன் பண்ணுனேன். அழகா வந்துச்சு கண்ணு. தமிழ்லயே கேக்குது, எந்த ஊரு, என்ன மொழி, பேரு என்னன்னு. சுலோச்சனான்னு தமிழ்லயே பேரு குடுத்தேன். ஓட ஆரம்பிச்சுது. பத்து, இருபது, நாப்பது. அறுபத்து மூணுல நின்னுச்சு. நின்னா நின்னதுதான். மவுசும் நகரலை, ஒண்ணும் நகரலை.

செரி, மொதத் தடவைன்னு அணைச்சுட்டு மறுக்காப் போட்டேன். நாப்பத்தொண்ணுல நின்னுச்சு. மூணாவது தடவை எல்லாம் முடிஞ்சு, "வாழ்த்துகள்"னு கூட வந்துச்சு. அணைச்சுப் போட்டா கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, கட்டுக்கட்டா இங்கிலீஷு. கடைசி வரியில கெர்னல் பேனிக்னு இருந்துச்சு. அகராதியில பாத்தேன். பேனிக்னா பதட்டமாம். இருபத்தாறு வருஷ வேலை போயி எனக்கே பதட்டம் வரலை, இதுக்கு வந்துருச்சு.

ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், எத்தனை சதவீதத்துல நின்னுச்சு, கடைசி வரி என்ன. ஆபீஸ் பழக்கம். எழுதி வெக்காத விஷயம் நடக்காத விஷயம்.

ரெண்டாவது நாளு, மத்தியானம் சோத்துக்கு உக்காந்தப்ப எங்கூட்டுக்காரரு சொன்னாரு. "சுலோச்சனா, சொசைட்டியில மொத்தப் பாலும் திரிஞ்சு போச்சுன்னா, அன்னிக்குப் புதுசா வந்த கேன் எதுன்னுதான் நாங்க மொதல்ல பாப்போம்." எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "இது பாலு இல்லீங்க"ன்னேன். "அதுக்கில்ல, நேத்து அந்தச் சீப்பு..."ன்னு ஆரம்பிச்சாரு. "ரசம் ஊத்தட்டுமா?"ன்னேன். பேச்சு அதோட நின்னுச்சு.

மூணாவது நாளு எனக்கு வெளங்கிருச்சு. கரண்டுதான் காரணம். அவரு மோட்டார் போட்ட நேரத்துலதான் அது நின்னுச்சு, அன்னிக்கு அம்பத்தெட்டுல. கையுங்களவுமாப் புடிச்சுட்டேன். "நான் இதை முடிக்கற வரைக்கும் பகல்ல மோட்டார் போடாதீங்க, மிக்ஸி போடாதீங்க"ன்னு சொல்லிட்டேன். "செரி"ன்னாரு. பொறகு ஒரு வாரம் பக்கத்து ஊட்டுக் கெணத்துல இருந்து கொடத்துல தூக்கிட்டு வந்துதான் குளிச்சாரு. ஒரு சத்தம் போடலை. அவருக்குச் சத்தம் போடத் தெரியாது.

மோட்டார் நின்னும் அது நிக்கறது நிக்கலை. நாலாவது நாளு குழுவுல எழுதுனேன், நோட்டுல இருந்த அத்தனையும். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒருத்தன் ஹார்டு டிஸ்க் கேபிளை மாத்துங்கன்னான், மாத்துனேன். ஒருத்தன் பென் டிரைவ்ல ஏத்துனது பாதியில கெட்டிருக்கும், ஃபைல் செரியா இருக்குதான்னு பாக்க ஒரு நீள நம்பர் குடுத்திருப்பாங்க, அதை ஒப்பிட்டுப் பாருங்கன்னான். அறுபத்து நாலு எழுத்து கண்ணு அந்த நம்பரு. நான் வாசிக்க வாசிக்க எங்கூட்டுக்காரரு ஒவ்வொண்ணா டிக் அடிச்சாரு. ஒரு எழுத்து மாறலை. ஒருத்தன், "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்தச் செரமம், விண்டோஸே போட்டுக்கங்க"ன்னான். அவனுக்கு நான் எழுதுன பதிலைப் பாத்துட்டு அவன் குழுவை விட்டே போயிட்டான்.

ஜெரால்டு தம்பி மட்டும், "ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல நிக்குதுன்னா மெமரி மேலதான் சந்தேகமா இருக்கு அக்கா. அதே பென் டிரைவ்ல மெமரி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கும், ஓட விட்டுப் பாருங்க"ன்னு எழுதுச்சு. நல்ல புள்ளதான், ஆனாச் சின்னப் புள்ள. "மெமரி நானே பாத்து வாங்கி நானே போட்டது தம்பி, அதுல ஒண்ணும் இருக்காது"ன்னு எழுதிட்டேன்.

இதுக்கு நடுவுல தீபன் போன் பண்ணுவான், டெய்லியும் சாயங்காலம். "ம்மா, அதைத் தூக்கிப் போடும்மா. நான் ஒரு நாள் வந்து பாக்கட்டுமா?"ம்பான். "உன்னால இது ஆகாதும்மா"ன்னு ஒரு நாள் சொல்லிப்போட்டான். எனக்கு வந்துச்சு பாரு கோவம். "உன்னையப் பெத்து, ரெண்டாவதுலயே கணக்கு வராதுன்னு எழுதித் தந்த வாத்தியாருகிட்டச் சண்டை போட்டு இன்ஜினியராக்குனவடா நானு. ஆகாதுன்னு எங்கிட்டச் சொல்லாத"ன்னு போனை வெச்சுட்டேன். ஆறாவது நாளு கொரியர்ல ஒரு பெட்டி வந்துச்சு. புது லேப்டாப்பு. பிரிக்கக் கூட இல்ல. பீரோ மேல தூக்கி வெச்சுட்டேன், இன்னும் அங்கதான் இருக்குது. அடுத்த நாள் அவன் போன் பண்ணி, "வந்துச்சாம்மா?"ன்னான். "வந்துச்சு"ன்னேன். "புடிச்சுதா?"ன்னான். "பெட்டி நல்லாருக்குது"ன்னேன். சித்த நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிருச்சு போல இருக்குது.

ஏழு, எட்டு. நாள் ஓடுது. என்ன செஞ்சும் ஒரு தடவை முப்பதுல நிக்குது, ஒரு தடவை தொண்ணூத்தாறுல நிக்குது. தொண்ணூத்தாறுல நின்னப்ப அந்த மானிட்டரைத் தூக்கிக் கெணத்துல போட்றலாம்னு இருந்துச்சு. அழுவலை. அழுவறவளா நானு? வேர்த்துச்சு, மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டேன்.

ஒம்பதாவது நாளு செவ்வாய்க்கெழமை. முப்பது நாள் டைம்னு சொன்னனல்ல, அதோட கடைசி நாள் சனிக்கெழமை. சனிக்கெழமை ஆபீஸ் லீவு. அப்ப வெள்ளிக்கெழமையே கடைசி. இன்னும் மூணு நாள் இருக்குது. எங்கூட்டுக்காரரு கடைக்குப் போயிட்டு வந்து பையை வெச்சுட்டுக் கை கழுவப் போனாரு. கறிவேப்பிலை எடுக்கலாம்னு பைக்குள்ள கையை விட்டா ஒரு கவரு. பிரிச்சா, எம்பட மேல்முறையீடு. நான் கையால எழுதி வெச்சிருந்தது அத்தனையும், ஒரு வரி விடாம, பளபளன்னு டைப் அடிச்சு அஞ்சு பக்கம். டைப்பிங் சென்டர் பேரு அடியில சின்னதா இருக்குது.

"என்னங்க இது?"ன்னேன்.

கையைத் தொடைச்சுக்கிட்டே வந்து நின்னாரு. "ஒருவேளைக்கு இருக்கட்டும்னு..."

"எந்த வேளைக்கு?"

"நாள் தாண்டிருச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதல்ல சுலோச்சனா. உம்பட வேலை நெசமாவே போயிரும். நீ கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"அப்ப நீங்களும் என்னால முடியாதுன்னுதான் நெனைச்சிருக்கீங்க."

"அப்பிடி நெனைக்கலை."

"அப்பொறம் இது என்ன?"

கிழிச்சுட்டேன் கண்ணு. அவரு முன்னாலயே, அஞ்சு பக்கத்தையும் ஒண்ணா வெச்சு நாலா. கிழிக்கவே கஷ்டமாத்தான் இருந்துச்சு, கட்டிப் பேப்பரு. ஆனாக் கிழிச்சேன். இருபத்தாறு வருஷம் ஒருத்தன் முன்னாடி தலை குனிஞ்சவ இல்ல. கடைசியில அடுத்தவன் அடிச்ச காயிதத்துல கையெழுத்துப் போட்டு, இதுதான் எம்பட கணினி அறிவுன்னு கொண்டு போயிக் குடுக்கவா?

அவரு குனிஞ்சு துண்டுகளைப் பொறுக்குனாரு. சமையக்கட்டுக்குப் போயி டீ வெச்சாரு. எனக்கு ஒரு டம்ளரு கொண்டாந்து வெச்சாரு, சக்கரை கம்மியா, எனக்குப் புடிச்ச மாதிரி. அன்னிக்குப் பூரா ரெண்டு பேரும் பேசலை. நானா மொதல்ல பேசறது? தப்பு அவரு மேல.

மறுநாள் காலையில இட்லிய வெச்சுட்டு அவரு தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு. பாத்தா, தட்டுக்குப் பக்கத்துல, தண்ணி டம்ளரு வெக்கற எடத்துல, ஸ்க்ரூ டிரைவரு இருக்குது. தண்ணி வெக்கலை, ஸ்க்ரூ டிரைவரை வெச்சிருக்காரு. வயசாச்சல்ல, மறதி. எடுத்து அக்கட்ட வெக்கலாம்னு கையில எடுத்தேன். எடுத்துக்கிட்டு ஒரு இட்லி திங்கற நேரம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பத்தான் எனக்கே ஒரு யோசனை தோணுச்சு. எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு, ஒண்ணே ஒண்ணை மட்டும் பாக்கலையே, அந்த மெமரியத்தான்னு.

கழட்டறதுக்கு முன்னால ஆதாரம் வேணுமல்ல. அந்த மெமரி டெஸ்ட்டை ஓட விட்டேன். நீலத் திரை, நம்பரா ஓடுது. அரை மணி நேரம் ஒண்ணுமில்ல. பாருங்கடா, எம்பட மெமரியில ஒண்ணுமில்லைன்னு எந்திரிச்சுத் துணி காயப் போடப் போனேன். திரும்பி வந்து பாக்கறேன், திரை பூரா செவப்பு. அடிபட்ட மாதிரி செவப்பு. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி ஏறிக்கிட்டே போகுது.

பெட்டியை அணைச்சு, கழட்டி, அதைப் புடுங்கி வெளிய வெச்சேன். பழைய ரெண்டு ஜிபிய மட்டும் வெச்சு மறுக்கா டெஸ்ட். மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் ஓடுச்சு. ஒரு செவப்பு வரி இல்ல.

எங்கூட்டுக்காரரு தோட்டத்துல இருந்து வந்தாரு. கால் கழுவிட்டு வாசப்படியில நின்னு பாத்தாரு. டேபிள் மேல அந்தச் சீப்பு கெடக்குது. "என்னாச்சு?"ன்னாரு. "கண்டுபுடிச்சுட்டேன்"ன்னேன். "அப்பிடியா? நெம்பச் சந்தோசம்"ன்னாரு. அவ்வளவுதான். வேற ஒருத்தரா இருந்தா, நான் அன்னிக்கே சொன்னனேன்னு குதிச்சிருப்பாங்க. ஆனா இவரு எதைச் சொன்னாரு, கேன்னாரு, பாலுன்னாரு. அதை வெச்சு யாரு கண்டுபுடிக்க முடியும்?

பதினொண்ணாவது நாளு, அதாவது நேத்து, காலையில ஏழு மணிக்குப் போட்டேன். அறுபத்து மூணைத் தாண்டுச்சு. தொண்ணூத்தாறைத் தாண்டுச்சு. முடிஞ்சு, அணைச்சு, மறுக்கா வந்து, எம்பட பேரைத் தமிழ்லயே எழுதி, கடவுச்சொல் கேட்டுச்சு. மெதுவாத்தான் ஓடுது, ஓடட்டும், எனக்கென்ன அவசரம். விசைப்பலகைப் பட்டியல்ல தேடுனா, தமிழ் டைப்ரைட்டர்னே ஒண்ணு இருக்குது கண்ணு! நான் படிச்ச அதே எழுத்து அதே எடத்துல. கையை வெச்சேன். வெரலு அதுபாட்டுக்கு ஓடுது. ஏ, எம், எம், ஏ இல்ல. அ, ம், மா. அந்தத் தாளாளரை அங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கோணும்.

சாயங்காலம் நாலு மணிக்குள்ள அஞ்சு பக்கமும் அடிச்சு முடிச்சேன். பென் டிரைவ்ல கொண்டு போயி ஜெராக்ஸ் கடையிலதான் பிரிண்ட் போட்டேன். அச்சடிக்கறது வேற, டைப் அடிக்கறது வேற. அதையும் ஊட்டுலயே செய்யோணும்னு சட்டமில்ல.

அதோட இணைப்பு நாலுன்னு எம்பட நோட்டையும் சேத்துட்டேன், பதினோரு நாள் குறிப்பு, ஏழு பக்கம். கணினி அறிவு போதாதவ இப்பிடி எழுதுவாளான்னு அந்த அதிகாரி படிச்சுப் பாக்கட்டும். மூணாவது நாள்ல, "கணவர் மோட்டாரை இயக்கியதால் பணி தடைபட்டது"ன்னு இருக்குது. அதைத் திருத்தலையான்னு கேக்கறயா? எதுக்குத் திருத்தோணும்? அன்னிக்கு என்ன நெனைச்சனோ அதுதான் குறிப்பு. பொறகு உக்காந்து திருத்துனா அது கதை.

பிரிண்ட் போட்டதை அவருதான் உக்காந்து படிச்சாரு. நெம்பப் பொறுமையா, வரிக்கு வரி வெரலை வெச்சு. அஞ்சு பக்கத்துல ஒரே ஒரு எடத்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சுன்னு காட்டுனாரு. செரிதான், விட்டுப்போச்சு. திருத்தி மறுக்காப் போட்டேன். கடைசிப் பக்கத்துல, கையெழுத்துக்கு மேல, நான் ஒரு வரி எழுதியிருக்கேன். "இம்மனு முழுவதும் எவருடைய உதவியும் இன்றி, நானே எனது சொந்தக் கணினியில் நிறுவி, தட்டச்சு செய்தது." அந்த வரிக்கு வந்தப்ப அவரு வெரலு சித்த நேரம் அங்கயே நின்னுச்சு. "ஏனுங்க, பிழை இருக்குதா?"ன்னேன். "இல்ல, நல்லாருக்குது"ன்னு காயிதத்தைக் குடுத்துட்டாரு.

என்ன சொன்ன? அவரா கண்டுபுடிச்சாரு? யாரு, எங்கூட்டுக்காரரா?

நீயும் ஏன் கண்ணு இப்பிடிச் சிரிக்கற? நான் எவ்வளவு நேரமா, எவ்வளவு விவரமாச் சொல்லிட்டு வர்றேன். கழட்டுனது யாரு? டெஸ்ட் போட்டது யாரு? செவப்பைப் பாத்தது யாரு? ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வெச்சா அது உதவியா? அப்பிடிப் பாத்தா இட்லி சுட்டதும் உதவிதான், தண்ணி தூக்குனதும் உதவிதான், டீ வெச்சதும் உதவிதான். இதையெல்லாம் ஒரு மேல்முறையீட்டு மனுவுல எழுத முடியுமா? எந்த ஆபீஸ்ல ஏத்துக்குவாங்க?

...நீ கேட்டுட்ட. இனி உக்கடம் வரைக்கும் எனக்கு இதேதான் ஓடும்.

இங்க பாரு, ஜெயிக்கறனோ தோக்கறனோ எனக்குத் தெரியாது. அந்த அதிகாரி கேக்கட்டும், கீ போர்டைக் கொண்டாந்து முன்னாடி வெக்கட்டும், அங்கயே அடிச்சுக் காட்டறேன். இங்கிலீஷ் எழுத்துல அடிக்கச் சொன்னாலும் அடிப்பேன், போ. நேத்துச் சாயங்காலம் ஒரு தடவை அடிச்சுப் பாத்தேன், ஏ, எம், எம், ஏன்னு. வந்துச்சு. அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. அந்தப் புள்ளயோட தேதிய நானே அன்னிக்கு அடிச்சிருக்கலாம். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்தப் புள்ள கேட்டிருந்தது மருத்துவக் கல்லூரியில ஏதோ ஒரு படிப்பு. பேரு மறந்துருச்சு. விடு.

உக்கடம் வந்துருச்சா? வந்துருச்சு. நீ காந்திபுரத்துக்கு மாறிப் போவயா? போ கண்ணு, சூதானமாப் போ. ஊட்டுல ஒரு நாள் லினக்ஸ் போட்டுப் பாரு, சந்தேகம்னா எனக்குப் போன் பண்ணு. நம்பரு குறிச்சுக்கிட்டயல்ல.

ஏனுங்க! எறங்கோணுமுங்க! ...அதா, பின்னாடி கம்பியப் புடிச்சுட்டு நிக்கறாரு பாரு, வெள்ளைச் சட்டை. அவருதான். பொள்ளாச்சியில ஒரு கைக்கொழந்தைக்காரி ஏறுனா, சீட்டைக் குடுத்துட்டு அங்கிருந்தே நின்னுட்டு வர்றாரு. கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள ஃபைலு, ஃபைலுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் கவரு. நாஞ் சொல்லலை, அவரே போட்டாரு.

ஏனுங்க, காயிதம் பத்திரமா இருக்குதா? இருக்குதா. செரி, முன்னாடி எறங்குங்க. நான் வர்றேன். நான் வந்துக்குவேன்னு சொல்றனல்ல. என்ன கையை நீட்டிட்டு நிக்கறீங்க, நாலு பேரு பாக்கறாங்க. இருபத்தாறு வருஷம் வேலைக்குப் பஸ்சுல ஏறி எறங்குனவ நானு, எனக்குப் படியெறங்கத் தெரியாதா? எடுங்க கையை.

யப்பா, என்ன இந்தப் படி இத்தனை ஒசரமா இருக்குது.

செரி செரி, புடிங்க.